ஸ்கூட்டர் டிக்கியில் இரண்டு சேலைகள்

கேள்வி: எனக்கு வயது 43. அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியை. பள்ளியின் தேசிய பசுமைப் படைக்கு நான்தான் பொறுப்பு. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பிளாஸ்டிக் ஒழிப்பைப் பற்றிப் பேசுவேன். துணிப்பை இல்லாமல் காய்கறிக் கடைக்குப் போனதே இல்லை. ஆனால் சேலை விஷயத்தில் என்னைக் கட்டுப்படுத்த முடியவில்லை. பீரோவில் மடிப்புக் கலையாமல் 14 சேலைகள் இருக்கின்றன. இந்த ஆடித் தள்ளுபடியில் மேலும் 5 எடுத்தேன். மூன்றைத்தான் வீட்டில் காட்டினேன். இரண்டை ஸ்கூட்டர் டிக்கியிலேயே வைத்திருந்து மறுநாள் உள்ளே கொண்டுவந்தேன். கணவர் பார்த்துவிட்டு, "உபதேசமெல்லாம் ஊருக்குத்தான்" என்றார். போன தீபாவளிக்கு 55 அங்குல டிவி வாங்கியவர் அவர். ஆனாலும் என்னால் பதில் பேச முடியவில்லை. கடன் எதுவும் கிடையாது, சம்பளத்தில்தான் வாங்குகிறேன். ஒரே சேலையை வாரத்தில் இரண்டு தடவை கட்டினால் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் கவனிப்பார்களே என்ற பயமும் உண்டு. பிள்ளைகளிடம் இயற்கையைக் காப்போம் என்று சொல்லும் எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லையா? நான் போலியா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போலி இல்லை. தான் நம்பாததை அடுத்தவருக்குச் சொல்பவர்தான் போலி. நீங்கள் சொல்வதை மனதார நம்புகிறீர்கள். நம்பாதவராக இருந்தால் ஐந்து சேலையையும் கையில் பிடித்துக்கொண்டு நேராக வீட்டுக்குள் வந்திருப்பீர்கள், டிக்கிக்கு வேலையே இருந்திருக்காது.

மனக்கட்டுப்பாடு இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைக்குள் நடப்பது பெரும்பாலும் மனக்கட்டுப்பாட்டை எட்டுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. நமக்கே தெரியாமல் மனம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், அப்புறம்தான் நாம் யோசிக்கவே ஆரம்பிப்போம். இதை உளவியலில் மனச்சாய்வு என்கிறோம். படித்தவர், படிக்காதவர், சுற்றுச்சூழல் அக்கறை உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் இதற்குக் கிடையாது. உங்களுக்கு நடந்ததை அந்தச் சேலைக்கடை விரிப்பிலிருந்தே பார்ப்போம்.

உட்காருகிறீர்கள். "என்ன ரேஞ்சுல பாக்குறீங்க மேடம்?" என்று கேட்பார்கள். ஆயிரத்து ஐந்நூறு என்று நீங்கள் சொன்னாலும் முதலில் விரிப்பது மூவாயிரத்துக்கு மேல் இருக்கும். "சும்மா பாருங்க, எடுக்கணும்னு இல்ல." அதைப் பார்த்த கண்ணுக்கு, அடுத்து வரும் 2,400 ரூபாய் சேலை மலிவாகத் தெரிய ஆரம்பிக்கும். அதிலும் 2,400ஐ அடித்துவிட்டு 1,680 என்று சீட்டில் எழுதியிருந்தால் 720 ரூபாய் லாபம் என்று மனம் கணக்குப் போட்டுவிடும். கையை விட்டுப் போகிற 1,680 அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

முதலில் கண்ணில் பட்ட எண் நம்மைக் கட்டிப்போட்டுவிடும் என்பதை ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற உளவியலாளர்கள் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார்கள். எண்கள் எழுதிய சக்கரம் ஒன்றைச் சுழற்றினார்கள். சிலருக்கு அது 10இல் நின்றது, சிலருக்கு 65இல். பிறகு, ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் நூற்றுக்கு எத்தனை இருக்கும் என்று கேட்டார்கள். சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் 10ஐப் பார்த்தவர்கள் சொன்ன விடைகளின் நடுமதிப்பு 25, 65ஐப் பார்த்தவர்களுடையது 45. சம்பந்தமே இல்லாத எண்ணுக்கே இவ்வளவு இழுப்பு இருக்கிறது என்றால், விலைச்சீட்டில் அடித்துக் காட்டியிருக்கும் 2,400 என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது கண்ணாடி. "தோள்ல போட்டுப் பாருங்கக்கா" என்று ஊழியர் எழுந்து வந்து, முந்தியை உங்கள் இடது தோளில் சரித்து, கொசுவத்தை விசிறி மாதிரி பிடித்துக் காட்டுவார். அந்த நிமிடம் மிக முக்கியமானது. அதுவரை கடையுடையதாக இருந்த சேலை, தோளில் விழுந்ததும் பாதி உங்களுடையதாகிவிடுகிறது. இனி அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தால், கையில் இருந்த ஒன்றை இழப்பது போல இருக்கும். 1990இல் வெளியான ஒரு சோதனையில், கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு காபிக் கோப்பை கொடுத்தார்கள். கொடுத்துச் சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தது. அதை விற்கச் சொன்னபோது அவர்கள் கேட்ட விலை, கோப்பை கிடைக்காதவர்கள் தர முன்வந்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. ஒரு பொருளைத் தொட்டுப் பார்த்தாலே அது நம்முடையது என்ற உணர்வு கூடுவதை ஜோஆன் பெக், சூசான் ஷூ என்ற ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்ப்பது அதைவிட எத்தனையோ படி மேல்.

இன்னொன்றும் உண்டு, அதை எந்த ஆய்வும் இல்லாமலே நமக்குத் தெரியும். கடை ஊழியரான அந்தப் பெண் முப்பது சேலையை உங்கள் முன் பிரித்துப் போட்டிருக்கிறார். காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறார். ஒன்றும் எடுக்காமல் எழுந்து போக உங்களுக்கு மனசு வராது. உங்களுக்குள் இருக்கும் நல்ல குணம்தான் இங்கே பில் போட வைக்கிறது. இந்த இரக்கம் உங்களிடம் இருக்கட்டும். "ரொம்ப நன்றிம்மா, இன்னிக்குப் பார்க்கத்தான் வந்தேன்" என்று முகம் பார்த்துச் சொல்லி, பிரித்ததில் நாலைந்தை மடித்துக் கொடுத்துவிட்டு எழுந்து வாருங்கள். அது அவருக்குக் காட்டும் மரியாதைதான்.

கடைக்குப் போகும்போது நீங்கள் செய்யக்கூடியவை சில. எந்த நிறம், எந்த விசேஷத்துக்கு, எவ்வளவு ரூபாய் என்று வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் நீங்கள் பார்க்கும் எண் உங்கள் கையெழுத்தில் உள்ளதாக இருக்கட்டும். குறைந்த விலையிலிருந்து காட்டச் சொல்லுங்கள். நிறம், தறி, ஓரம் எல்லாம் பிடித்து, தாளில் எழுதியதோடு பொருந்தினால் மட்டும் தோளில் போடுங்கள். பணம் ரொக்கமாக எடுத்துப் போங்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நடத்தி 2001இல் வெளியான ஆய்வில், விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுக்கு ஏலம் கேட்டவர்கள், கிரெடிட் கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டபோது ரொக்கத்தைவிட இரண்டு மடங்கு வரை அதிகமாகக் கேட்டார்கள். பணம் கையை விட்டுப் போவது தெரியாதபோது மனம் தாராளமாகிவிடுகிறது.

இனி ஸ்டாஃப் ரூம். உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இதைப் பற்றி. என் கணிப்பில் 14 சேலைக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. "இது போன வாரம் கட்டினதாச்சே" என்று யாராவது மனதுக்குள் நினைப்பார்களோ என்ற எண்ணம் வேலைக்குப் போகும் பெண்கள் பலருக்கு உண்டு. உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் கார்னெலில் நடத்தி 2000இல் வெளியிட்ட சோதனை இதற்கென்றே செய்தது போல இருக்கும். வெளியில் போட வெட்கப்படும்படியான படம் போட்ட டி-ஷர்ட்டை ஒரு மாணவருக்கு அணிவித்து, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று பிறகு அவரிடம் கேட்டார்கள். இப்படிப் போய் வந்தவர்கள், அறையில் ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்றார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். அதுவும் கண்ணை உறுத்தும் சட்டைக்கு. நீங்கள் செவ்வாய்க்கிழமை கட்டிய இளநீலப் பருத்திச் சேலையை அடுத்த திங்கட்கிழமை யார் எண்ணிக்கொண்டிருக்கப் போகிறார்கள்?

இதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். போன புதன்கிழமை உங்கள் பக்கத்து மேசை டீச்சர் என்ன நிறச் சேலை கட்டியிருந்தார் என்று இந்த இடத்திலேயே நிறுத்தி யோசியுங்கள்.

அடுத்து நான் சொல்வது கொஞ்சம் கசக்கலாம். உங்கள் துணிப்பையைப் பற்றியது. நல்ல காரியம் ஒன்று செய்ததும், மனம் அதைப் புண்ணியக் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறது. பிறகு அந்த வரவிலிருந்து செலவழிக்கத் துணிந்துவிடுகிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் புதுக் கத்தரிக்கோலைச் சோதித்துப் பார்க்கச் சொல்லிக் காகிதம் கொடுத்தார்கள். அறையில் மறுசுழற்சித் தொட்டி இருந்தபோது அதிகக் காகிதத்தை வெட்டித் தள்ளினார்கள், சாதாரணக் குப்பைத் தொட்டி மட்டும் இருந்தபோது குறைவாக வெட்டினார்கள். "மறுசுழற்சிக்குத்தானே போகிறது" என்ற சமாதானம் கையைத் தாராளமாக்கிவிட்டது. பிளாஸ்டிக் கவர் வேண்டாம் என்று சொல்லி, ஐந்து சேலையை மஞ்சப்பையில் வாங்கிப் போடும்போது நமக்கு உறுத்தாமல் போவதும் இதனால்தான்.

அந்தப் பைக்கே ஒரு கணக்கு உண்டு. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் துறை 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாதலை மட்டும் பார்த்தால், ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 52 தடவை பயன்படுத்தினால்தான் அது சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். எல்லா வகைப் பாதிப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் 7,100 தடவை. சாக்கடையை அடைக்கும், மாட்டின் வயிற்றுக்குள் போகும் பிளாஸ்டிக்கை அந்த ஆய்வு கணக்கில் எடுக்கவில்லை. அதனால் 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தவறு என்று ஆகிவிடாது. ஒரே பையை வருடக்கணக்கில் தூக்கினால்தான் பலன் என்பது மட்டும் உறுதி. உங்கள் வீட்டில் எத்தனை துணிப்பைகள் இருக்கின்றன? கல்யாண வீட்டில் கொடுத்தது, புத்தகக் கண்காட்சியில் வாங்கியது, பசுமைப் படைக்காக அச்சடித்தது என்று அதுவும் ஒரு பீரோத் தட்டு நிறைய இருந்தால், புதிதாக ஒன்று வாங்குவதையும் நிறுத்திவிடுங்கள்.

ஒரு பைக்கே இந்தக் கணக்கு என்றால் ஐந்தரை மீட்டர் துணிக்கு எவ்வளவு? ஒரு கிலோ பருத்தித் துணிக்கு, செடி வளர்வது முதல் சாயம் வரை, உலகச் சராசரியில் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் ஆகிறது, மழைநீரையும் சேர்த்து. அரைக் கிலோ சேலைக்கு 5,000 லிட்டர். மொட்டை மாடியில் வைக்கும் 500 லிட்டர் தொட்டியில் பத்து. சாயத் தண்ணீர் என்ன செய்யும் என்று உங்கள் மாவட்டத்துக்காரரிடம் நான் சொல்லத் தேவையில்லை. திருப்பூர் வழியாக வரும் நொய்யல் காவிரியில் கலப்பது கரூர் மாவட்டத்தில்தான். நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயக்கழிவால் கெட்டுப்போன கிணறுகளும் வயல்களும் ஏராளம். அந்தப் பகுதி விவசாயிகள் வருடக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத ஏற்பாட்டைச் செய்யாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் மனம் கண்ணெதிரே உள்ளதைப் பெரிதாகவும், கண்ணுக்குத் தெரியாததைச் சிறிதாகவும் எடைபோடும். பிளாஸ்டிக் கவர் கண்ணுக்குத் தெரியும் குப்பை. புதுச் சேலையோ மணக்க மணக்க வருகிறது, அதில் கழிவு இருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்? பிள்ளைகளிடம் பிளாஸ்டிக்கைப் பற்றி மட்டும் பேசி வந்திருக்கிறீர்கள் என்றால் காரணம் இதுதான்.

ஆன்லைனில் வாங்குவதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் ஆடி முடிந்ததும் அலைபேசியில் பண்டிகை விற்பனை ஆரம்பித்துவிடும் என்பதால் ஒன்று சொல்கிறேன். "இன்னும் 2 மட்டுமே உள்ளன", "சலுகை முடிய 9 நிமிடம்" என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும் தவறு என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் விதிமுறை வெளியிட்டது. இப்படி 13 வகை ஏமாற்று உத்திகளை அது பட்டியலிடுகிறது. "இயற்கைக்கு உகந்தது" என்று ஆதாரமில்லாமல் போட்டுக்கொள்வதற்கு எதிராக 2024 அக்டோபரில் இன்னொரு விதிமுறை வந்தது. புகார் சொல்ல 1915க்கு அழைக்கலாம். பசுமைப் படைப் பிள்ளைகளுக்கும் இந்த எண்ணைச் சொல்லிக் கொடுங்கள்.

இனி உங்கள் கணவர். அவர் சொன்ன வார்த்தை உங்களை ஏன் அப்படித் தைத்தது என்று எனக்குப் புரிகிறது. ஆனால் அவருக்குள்ளும் ஒரு சாய்வு வேலை செய்கிறது. நம் வீடுகளில் பெண் வாங்குவது ஆசை, ஆண் வாங்குவது தேவை என்று ஒரு பிரிவு கேள்வி கேட்காமலே இருந்து வருகிறது. சேலை வீண்செலவு, டிவி குடும்பத்துக்கு. பழைய டிவி நன்றாக ஓடிக்கொண்டிருந்ததா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். டிவி செய்யவும் உலோகங்களுக்காக மண்ணைத் தோண்டித்தான் ஆகவேண்டும். இதைச் சண்டையாகக் கொண்டுபோக வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து, போன ஒரு வருடத்தில் வீட்டுக்குள் வந்த பொருள்களை எல்லாம் ஒரே தாளில் எழுதுங்கள். யார் வாங்கியது என்று எழுத வேண்டாம். எத்தனை நாள் பயன்பட்டது என்று மட்டும் எழுதுங்கள்.

சரி, அந்தப் பத்தொன்பது சேலையை என்ன செய்வது? பிரிக்காமல் இருக்கும் சேலைகளில் எத்தனைக்கு ஜாக்கெட் தைத்திருக்கிறது? ஃபால்ஸ் வைத்தது எத்தனை? அநேகமாக ஒன்றிரண்டுதான் இருக்கும். வாங்குவதற்கு அரை மணி நேரம் போதும். கட்டத் தயாராக்குவதற்குத் தையல்காரரிடம் நாலு நடை. வாங்கும்போது கிடைத்த சந்தோஷம் அதற்குள் வடிந்துவிடுகிறது, மனம் அடுத்த சேலையைத் தேடுகிறது. அதனால் உங்களுக்கு ஒரே ஒரு விதி போதும் என்று நினைக்கிறேன். கையில் இருக்கும் சேலைக்கெல்லாம் ஜாக்கெட் தைத்து வீட்டுக்கு வரும்வரை அடுத்த சேலை எடுப்பதில்லை. இதற்கு மன உறுதி தேவையில்லை, தையல்காரர் தருகிற ரசீதே கணக்கு வைத்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும் கட்டிலில் எடுத்துப் போடுங்கள். ஒவ்வொன்றையும் பிரித்து, தடவிப் பாருங்கள். இரண்டு மூன்று சேலைகளை எதற்கு எடுத்தோம் என்றே ஞாபகம் வராது. அவற்றைப் பில்லோடு கடையில் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், அல்லது விரும்பிக் கட்டக்கூடிய ஒருவருக்குக் கொடுங்கள். குற்ற உணர்ச்சியில் மொத்தத்தையும் அள்ளி யாருக்காவது கொடுத்துவிடாதீர்கள். பீரோ காலியானால், கையோடு நிரப்பத் தோன்றும். மீதியைக் கட்டத் தொடங்குங்கள். கட்டித் துவைத்ததை அடுக்கின் வலது கோடியில் வையுங்கள். இடது பக்கம் என்ன நகராமல் கிடக்கிறது என்பது பொங்கலுக்குள் தெரிந்துவிடும். 1,680 ரூபாய் சேலையை இரண்டு தடவை கட்டி மூலையில் போட்டால் ஒரு தடவைக்கு 840 ரூபாய். நாற்பது தடவை கட்டினால் 42 ரூபாய். இந்தக் கணக்கை மனம் தானாகப் போடாது, நாம்தான் போட்டுக் காட்ட வேண்டும்.

என் அம்மாவின் 'வாயில்' ரக மெல்லிய பருத்திச் சேலை ஒன்று பன்னிரண்டு வருடம் உழைத்தது. பிறகு என் தங்கைக்குத் தூளியானது, அப்புறம் தலையணை உறையானது, கடைசியில் அடுப்படியில் பிடிதுணியாகக் கிடந்தது. புதிதாகப் பிறந்த குழந்தையைப் பழைய வேட்டியில் சுற்றி வாங்கிய வீடுகள் நம்முடையவை. பழையது மெத்தென்று இருக்கும் என்ற அறிவு அதில் இருக்கிறது. அதே வீடுகளில்தான் இன்று அக்கா மகள் போட்ட சுடிதாரைத் தங்கை மகளுக்குக் கொடுக்கத் தயங்குகிறோம். "பழசைக் கொடுத்தால் என்ன நினைப்பார்கள்" என்கிறோம். இந்தத் தயக்கம் எப்போது வந்தது என்று யோசிக்கிறேன். அநேகமாக, துணி மலிவானபோதுதான்.

ஒன்று கவனமாகச் சொல்ல வேண்டும். கடன் இல்லை என்று எழுதியிருப்பது ஆறுதல். ஆனால் வாங்கியதை ஒளிப்பது பழக்கமாகிவிட்டால், மனம் சரியில்லாத நாளிலெல்லாம் கால் கடைக்குப் போனால், நகையை அடகு வைக்கவோ கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டவோ ஆரம்பித்தால், அது நான் மேலே சொன்ன சாய்வுகளின் கணக்கில் வராது. அப்போது ஒரு மனநல ஆலோசகரை நேரில் பாருங்கள். டெலி மானஸ் உதவி எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

பள்ளியில் என்ன சொல்வது என்று தயங்க வேண்டாம். அடுத்த வழிபாட்டுக் கூட்டத்தில், கட்டியிருக்கும் சேலையை எத்தனையாவது தடவையாகக் கட்டுகிறீர்கள் என்று பிள்ளைகளிடம் எண்ணைச் சொல்லுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஸ்டாஃப் ரூமில் மற்ற ஆசிரியைகளும் தங்கள் பழைய சேலையைக் கட்டிவந்து அதன் வயதைச் சொல்லட்டும். பிள்ளைகள் நாம் சொல்வதைவிட சுற்றியிருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் பார்த்துப் பழகுகிறார்கள்.

கட்டிலில் எண்ணும்போது உங்கள் கணவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் டிக்கியை ஒரு தடவை திறந்து பாருங்கள், அதில் இன்னும் ஏதாவது கவர் இருந்தால் அதையும் எடுத்துவந்து அந்தக் குவியலோடு சேர்த்துவிடுங்கள்.